இருவருக்கும் மனசக்தி, இருவரும் பழைய சகாக்கள்: இந்தக் காதல் கதையை எப்படி நடத்துவது?

பவளமல்லி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் தோழமைகளே. அடுத்த தொடருக்கு ஒரு கரு கிடைத்திருக்கிறது. முதல் எபி போடுவதற்கு முன்னால் இங்கே பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். அமானுஷ்யக் காதலைத் தேடித் தேடிப் படிப்பவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள்.

கதை அமெரிக்காவில் நடக்கிறது. மேரிலாந்து மாநிலத்தில் ஃபோர்ட் மீட் என்று ஒரு ராணுவத் தளம். 1970களின் கடைசியிலிருந்து 1995 வரை அங்கே ஒரு சின்ன ரகசியப் பிரிவு இருந்தது. எங்கோ இருக்கும் கட்டடத்தையோ ஆளையோ உட்கார்ந்த இடத்திலிருந்தே மனதால் பார்த்து வரைந்து கொடுப்பது அவர்கள் வேலை. ரிமோட் வியூவிங் என்பார்கள். கிரில் ஃப்ளேம், சென்டர் லேன், சன் ஸ்ட்ரீக் என்று பெயர் மாறி மாறி வந்து கடைசியில் ஸ்டார் கேட் ஆனது. உண்மையிலேயே சம்பளம் கொடுத்து நடத்திய பிரிவு இது.

என் நாயகனும் நாயகியும் 1980களில் அங்கே வேலை பார்த்தவர்கள். காதலர்கள் இல்லை, சகாக்கள். ஏதோ ஒரு மனக்கசப்பில் பிரிகிறார்கள். 1995 நவம்பரில் இந்தத் திட்டம் பற்றிய செய்தி டிவியில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் தேடிப் போகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இருவருக்கும் சக்தி இருந்தால் மறைக்க என்ன இருக்கிறது? நாம் படிக்கும் பல கதைகளில் நாயகன் அவள் மனதைப் படித்துவிடுவான், அவளுக்கும் தன்மேல் விருப்பம் என்று தெரிந்துவிடும், அப்புறம் வில்லனை அடிப்பது மட்டும்தான் பாக்கி. எனக்கு அங்கேயே சப்பென்று போய்விடும். காதலில் பெரிய தவிப்பே எதிரில் இருப்பவர் மனசு தெரியாமல் இருப்பதுதானே. அதைப் பிடுங்கிவிட்டுக் காதலை எதை வைத்து எழுதுவது?

கூழாங்கல்

சகோ, அருமையான களம். இந்தத் திட்டம் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம், சக்தியைக் குறையுங்கள். நிஜத்தில் நடந்த ஆராய்ச்சிகளைப் பார்த்தால் யாருக்கும் சினிமாவில் வருவது போலத் தெளிவாகத் தெரிந்ததாக அவர்களே சொல்லவில்லை. 1930களில் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் சீட்டுகளை வைத்துச் சோதனை செய்தார். வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் என்று 5 வடிவங்கள், மொத்தம் 25 சீட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். ஒருவர் பல சுற்றுகளில் சராசரியாக 7 சரியாகச் சொன்னாலே ஆராய்ச்சியாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மற்ற விஞ்ஞானிகள் சோதனை நடந்த விதத்திலேயே ஓட்டை இருக்கிறது என்றார்கள்.

ஃபோர்ட் மீட் கதையும் அப்படித்தான். 1995இல் சி.ஐ.ஏ. ஒரு வெளி நிறுவனத்தை வைத்து மதிப்பீடு செய்தது. புள்ளியியல் பேராசிரியர் ஜெசிகா அட்ஸ், உளவியலாளர் ரே ஹைமன் என்று இருவர் பார்த்தார்கள். தற்செயல் என்று ஒதுக்க முடியாத ஏதோ ஒன்று எண்களில் இருக்கிறது என்றார் அட்ஸ். அதை வைத்து அப்படி ஒரு சக்தி இருக்கிறது என்று சொல்ல முடியாது என்றார் ஹைமன். உளவு வேலைக்கு இது நேரடியாக உதவியதே இல்லை என்ற முடிவோடு திட்டத்தை மூடினார்கள். 1972இல் தொடங்கிய ஆராய்ச்சியையும் சேர்த்தால் 20 ஆண்டுகளுக்கு மேல், ஏறக்குறைய 2 கோடி டாலர் செலவு.

இது உங்கள் கதைக்கு வரம். வியூவர்களுக்குக் கொடுத்த பயிற்சியில் மிக முக்கியமான பாடம் ஒன்று உண்டு. மனதில் முதலில் வருவது ஒரு மங்கலான பதிவு: குளிர்ச்சி, உயரம், உலோக வாசனை இப்படி. அடுத்த நொடியே நம் மூளை 'ஆ, இது தண்ணீர்த் தொட்டி' என்று கதை கட்டிவிடும். அந்தக் கதையைத் தாளில் தனியாக எழுதி ஒதுக்கிவிட்டு மறுபடி பதிவுக்குத் திரும்ப வேண்டும். இப்போது உங்கள் நாயகனை நினையுங்கள். அவளைப் பார்க்கும்போது அவனுக்கு ஏதோ தோன்றுகிறது. அது அவள் மனதா, இவன் ஆசையா? பயிற்சி பெற்றவனாலும் பிரிக்க முடியாத இடம் அதுதான். சாதாரண மனிதனுக்குத் தெரியாமல் இருக்கும், இவனுக்குப் பாதி தெரிந்து, அந்தப் பாதியையும் நம்ப முடியாமல் இருக்கும். தவிப்பு இரண்டு மடங்கு.

தூறல்

பவளமல்லி அக்கா, எனக்கு இந்தக் கரு ரொம்பப் பிடித்திருக்கிறது!! ஆனால் ஒரு கேள்வி. நம் ஊரிலேயே வைக்கலாமே? சித்தர்கள், அட்டமா சித்தி, கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று நம்மிடம் இல்லாததா? ஃபோர்ட் மீட் என்றால் வாசகர்கள் ஒட்டுவார்களா?

பவளமல்லி

தூறல் மா, யோசித்தேன். சித்தி என்பது தவத்தால் வருவது, வந்த பிறகு அதில் மயங்காமல் தாண்டிப் போக வேண்டும் என்பதுதான் அந்த மரபின் பேச்சு. அதற்குள் காதலை வைத்தால் அது தவமா காதலா என்ற வேறு கதையாகிவிடும். எனக்கு வேண்டியது காலையில் அலுவலகம் போய், கையெழுத்துப் போட்டு, மனதால் ரஷ்யக் கப்பலைத் தேடிவிட்டு, மாலையில் வீட்டில் 'இன்று என்ன வேலை?' என்று கேட்டால் வாயைத் திறக்க முடியாத ஆட்கள். அது ஃபோர்ட் மீடில்தான் இருந்தது.

கூழாங்கல், அந்தப் பயிற்சி விஷயம் சொன்னீர்களே, நேற்று இரவு முழுக்க அதே நினைப்புதான். நன்றி சகோ.

நெய்தல்

நான் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனதைப் படிக்கும் நாயகனை நாம் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறோம்? கேட்காமல் அறைக்குள் நுழைந்தால் கோபப்படுகிறோம். கேட்காமல் போனை எடுத்துப் பார்த்தால் சண்டை. கேட்காமல் மனதுக்குள்ளேயே நுழைபவனை மட்டும் 'அவளைப் புரிந்துகொண்டவன்' என்று எழுதுகிறோம். ஆன்டி ஹீரோ கதைகளில் கையைப் பிடித்து இழுப்பதையாவது இப்போது நாலு பேர் கேள்வி கேட்கிறார்கள். இதை யாரும் கேட்பதே இல்லை.

அவள் சொல்லாததை அவன் தெரிந்துகொண்டால் அது நெருக்கம் ஆகாது. அவளே வாய்விட்டுச் சொல்லும்போதுதான் நெருக்கம். இந்தக் கதையில் பிரிவுக்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும் என்பேன். 'ஏதோ மனக்கசப்பு' என்று விட்டுவிடாதீர்கள், பவளமல்லி. பிரிந்த காரணத்தில் பலம் இல்லாவிட்டால் மறுபடி சேருவதிலும் பலம் இருக்காது.

கூழாங்கல்

நெய்தல் சொன்னதோடு சேர்த்து ஒரு நிஜச் சோதனை முறையைச் சொல்கிறேன். அங்கேயே உங்கள் பிரிவு ஒளிந்திருக்கிறது.

கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிறுவனம். 1972இல் ரஸ்ஸல் டார்க், ஹெரால்ட் புட்டாஃப் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதைத் தொடங்கினார்கள். வியூவர் மூடிய அறையில் இருப்பார். இன்னொருவர் உறை ஒன்றைப் பிரித்து அதில் குறித்திருக்கும் இடத்துக்குக் காரில் போவார். பாலம், நீச்சல் குளம், தேவாலயக் கோபுரம், எதுவாகவும் இருக்கலாம். குறித்த நேரத்தில் அங்கே கால் மணி நேரம் சும்மா நிற்பார். அதே கால் மணி நேரத்தில் அறைக்குள் இருப்பவர் அவர் நிற்கும் இடத்தை மனதால் தேடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வரைய வேண்டும். பக்கத்தில் கேள்வி கேட்பவருக்கும் இடம் தெரியாது. எல்லாம் டேப்பில் பதிவாகும். முடிந்ததும் வியூவரை அதே இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுவார்கள். ஃபோர்ட் மீடிலும் ஆரம்பப் பயிற்சி இப்படித்தான்.

ஒருவர் எங்கோ போய் நிற்கிறார், இன்னொருவர் அவரைக் கண்ணை மூடித் தேடுகிறார். காதல் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? விதி ஒன்று உண்டு: மனதில் வருவது எதையும் வடிகட்டக்கூடாது, அப்படியே சொல்லிவிட வேண்டும். அந்த விதியை அவன் கடைப்பிடித்த நாளில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நெய்தல்

கூழாங்கல், அதேதான்! அவள் போய் நிற்கும் இடத்தில் வேறு ஏதோ நடக்கிறது. வீட்டிலிருந்து வந்த ஒரு செய்தி, யாரிடமும் சொல்லாத துக்கம். அவன் பாலத்தைச் சொல்லாமல் அவள் அழுவதைச் சொல்லிவிடுகிறான். டேப்பில் பதிவாகி, தட்டச்சாகி, கோப்பில் ஏறிவிடுகிறது. சோதனைக் கணக்கில் அது தோல்வி, ஏனென்றால் பாலம் வரவில்லை. அவளுக்கு அது அவமானம். அவள் துக்கம் அரசாங்கக் காகிதம் ஆகிவிட்டது.

பவளமல்லி

படித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். இதை விடமாட்டேன். இதுதான் பிரிவு.

பனங்காடு

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். அமெரிக்காவிலேயே நின்றுவிட்டீர்கள். இந்த வகைக் கதைக்கு ஆதாரமாக நான் நினைப்பது இங்கிலாந்தில் நிஜமாக நடந்த ஒன்று. பொறுமையாகப் படியுங்கள்.

ஆர்தர் பால்ஃபர். 1902 முதல் 1905 வரை இங்கிலாந்தின் பிரதமர். இளைஞராக இருந்தபோது மேரி லிட்டில்டன் என்ற பெண்ணை விரும்பினார். முறைப்படி பெண் கேட்கும் முன்பே, 1875 மார்ச் 21 அன்று, குருத்தோலை ஞாயிறு, அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். தன் தாயின் மரகத மோதிரத்தை அவளோடு சேர்த்துப் புதைக்கும்படி கேட்டுக்கொண்டார் என்று குடும்பத்தார் சொல்வார்கள். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆண்டுதோறும் குருத்தோலை ஞாயிறை அவள் அக்கா குடும்பத்தோடு கழித்தார்.

1882இல் லண்டனில் ஆவி, தொலை உணர்வு போன்றவற்றை ஆராய ஒரு சங்கம் தொடங்கினார்கள். பால்ஃபரின் அக்கா எலனோர் சிட்ஜ்விக், தம்பி ஜெரால்ட் எல்லாரும் அதில் முக்கியமானவர்கள். அவரே ஒரு காலத்தில் தலைவராக இருந்தார். 1901க்குப் பிறகு வெவ்வேறு ஊர்களில் இருந்த சில பெண்கள் தன்னிச்சையாகக் கை எழுதும் எழுத்துகளைச் சங்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒருவர் எழுதியதில் பாதிக் குறிப்பு இருக்கும், மீதி இன்னொருவர் எழுதியதில் இருக்கும் என்று சங்கத்தார் பொருத்திப் பார்த்தார்கள். மார்கரெட் வெரால் கேம்பிரிட்ஜில் செவ்விலக்கியம் கற்பித்தவர். இன்னொருவர் ஆலிஸ் ஃபிளெமிங், ருட்யார்ட் கிப்லிங்கின் தங்கை. அவர் இருந்தது நம் இந்தியாவில்! முன்பின் சந்திக்காத வெராலின் கேம்பிரிட்ஜ் முகவரி 1903இல் இவர் எழுத்தில் வந்ததாகப் பதிவு இருக்கிறது.

அந்த எழுத்துகளில் மோதிரம், குருத்தோலை, மெழுகுவத்தி ஏந்திய பெண், கூந்தல் என்று திரும்பத் திரும்ப வந்தன. பல ஆண்டுகள் கழித்துத்தான், இது இறந்துபோன மேரி, பால்ஃபருக்குச் சொல்ல முயலும் செய்தி என்று ஆராய்ந்தவர்கள் முடிவு கட்டினார்கள். அவரிடமே சொன்னார்கள். அப்போது அவருக்கு அறுபது கடந்துவிட்டது.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எழுதிய பெண்களுக்குக் குடும்பத்தைத் தெரிந்திருக்கலாம், குறியீடுகளுக்கு எந்தப் பொருளும் சொல்லலாம் என்று மறுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பிடித்தது வேறு. செய்தி ஒரே ஆளிடம் முழுதாக வரவில்லை. சின்னச் சின்னத் துண்டாக, பலர் கையில், பொருள் புரியாமல் வந்தது. பவளமல்லி, உங்கள் இருவருக்கும் சக்தியைச் சமமாகக் கொடுக்காதீர்கள். அவனுக்கு வடிவம் மட்டும் தெரியட்டும், அவளுக்கு உணர்வு மட்டும் தெரியட்டும். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் காண்பது அரைகுறை.

தூறல்

பனங்காடு அண்ணா, படித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. அந்த மோதிரம்...

நெய்தல்

நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் இறந்தவரோடு சேருவதும் உயிரோடு இருப்பவரை மறுபடி சந்திப்பதும் ஒன்றல்ல. இறந்தவர் மாறமாட்டார், 1875இல் இருந்தபடியே நம் மனதில் இருப்பார். உயிரோடு இருப்பவர் பத்து, இருபது வருடத்தில் வேறு ஆளாகியிருப்பார். நீ பார்த்தவள் இப்போது இல்லை என்பதுதான் மறுசந்திப்பின் முதல் அடி. சக்தியுள்ளவனுக்கு இது இன்னும் கஷ்டம். அவன் பழைய அவளையே 'பார்த்துக்கொண்டு' இருப்பான்.

சமமில்லாத சக்தி என்ற யோசனை நன்று. ஆனால் 'ஒருவர் இல்லாமல் ஒருவர் அரைகுறை' என்று கொண்டுபோனால் மறுபடி விதி வந்து சேர்த்துவைத்த கதை ஆகும். அவள் அவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சக்தி அவளுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பனங்காடு

நெய்தல், இதில் நான் உங்களோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. விதியும் தேர்வும் ஒரே கதையில் இருக்கலாம். நம் வாசகர்கள் அமானுஷ்யக் காதலுக்கு வருவதே, தன்னைத் தாண்டிய ஏதோ ஒன்று தன்னைக் கைவிடவில்லை என்ற உணர்வுக்காக. அதை முழுக்கப் பறித்துவிட்டால் வெறும் அலுவலகக் கதைதான் மிஞ்சும். சேர்த்துவைப்பது வரை விதி செய்யட்டும், பேச வைப்பது அவர்கள் பாடு.

தூறல்

நான் ஒன்று சொல்லலாமா? 1995 வேண்டாம் அக்கா, 2017க்குக் கொண்டு வாருங்கள்!

2017 ஜனவரியில் சி.ஐ.ஏ. தன் பழைய ஆவணங்கள் லட்சக்கணக்கான பக்கங்களை இணையத்தில் போட்டது. ஸ்டார் கேட் கோப்புகளும் அதில் இருக்கின்றன. நானே போய்ப் பார்த்தேன். கையால் வரைந்த படங்கள், வட்டங்கள், கிறுக்கல்கள், தட்டச்சான உரையாடல்கள். பெயர்களை மறைத்திருக்கிறார்கள், வியூவருக்கு எண் மட்டும் இருக்கிறது. ஆனால் கையெழுத்தை மறைக்க முடியாதே! அவளுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். வீட்டில் உட்கார்ந்து கணினியில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வருகிறாள். அந்த நாள் தாள் வருகிறது. அவள் அழுவது. அவன் கையெழுத்து. இப்போது உலகமே அதைப் படிக்கலாம்.

கூழாங்கல்

தூறல், இது பெரிய யோசனை. இதோடு இன்னொரு தகவல். 2017க்கு முன்பும் அந்த ஆவணத் தொகுப்பைப் பார்க்க ஒரு வழி இருந்தது. மேரிலாந்திலேயே காலேஜ் பார்க் என்ற ஊரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே 4 கணினிகளில் மட்டும்தான் பார்க்க முடியும், அதுவும் அலுவலக நேரத்தில். ஃபோர்ட் மீடிலிருந்து அது தூரமும் இல்லை.

நெய்தல்

அறுபது வயது நாயகியை நம் வாசகர்கள் ஏற்பார்களா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: எழுதுங்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்களையே எத்தனை நாள் படிப்பது?

பவளமல்லி

எழுதிவிட்டேன். முதல் சந்திப்பின் ஒரு துண்டு மட்டும் போடுகிறேன். அவன் சந்திக்க வரச் சொல்லவில்லை, அவள்தான் தேடி வருகிறாள். இடம் பால்டிமோருக்குப் பக்கத்தில் ஒரு சாலையோர உணவகம்.

_அவள் அந்தத் தாளின் நகலை மேசையில் வைத்தாள். அவன் தொடவில்லை._

_"இதைப் படித்திருக்கிறாயா?"_

_"நான்தான் எழுதினேன்."_

_"அதற்கு அப்புறம்?"_

_அவன் காபியைத் தள்ளி வைத்தான். "காப்பகத்தில் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு, வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். பெயரை இன்னும் மறைத்துத்தான் வைத்திருக்கிறார்களா என்று."_

_"அவ்வளவுதானா?"_

_"அவ்வளவுதான்."_

_பொய் சொல்லும்போது அவனிடம் எழும் அந்தச் சின்னக் கூச்சம் அவளுக்குப் பழக்கமானது. இப்போது அதைத் தேடிப் பார்க்கலாம். ஒரு மூச்சு உள்ளே இழுத்தால் போதும். அவள் இழுக்கவில்லை._

_"சரி, நீயே சொல். நான் பார்க்கப் போவதில்லை. அன்றைக்குப் பாலத்தைப் பார்த்தாயா, இல்லையா?"_

_"பார்த்தேன்."_

_"அப்புறம் ஏன் பாலத்தைச் சொல்லவில்லை?"_

_"நீ விழுந்துவிடுவாய் என்று பயந்தேன். யாராவது உடனே அங்கே போக வேண்டும் என்றுதான் டேப்பில் சொன்னேன். அவர்கள் தட்டச்சு செய்தார்கள். யாரும் போகவில்லை."_

தூறல்

அக்கா!!! "யாரும் போகவில்லை" என்ற இடத்தில் எனக்கு மேலே படிக்கவே முடியவில்லை. எபி எப்போது?

பனங்காடு

அவள் பார்க்காமல் விட்ட அந்த ஒரு மூச்சுக்காகவே மொத்தத் தொடரையும் படிப்பேன். அவனுக்கு வடிவம், அவளுக்கு உணர்வு என்று பிரித்ததும் அழகாக உட்கார்ந்திருக்கிறது.

நெய்தல்

பவளமல்லி, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை காப்பகத்துக்குப் போவதை எளிதாக விட்டுவிடாதீர்கள். அவள் துக்கத்தை அவளிடம் கேட்காமல் அவன் மறுபடி மறுபடி படித்திருக்கிறான். காவலுக்குப் போனான் என்று அவன் நினைக்கிறான், அவள் அப்படி நினைக்க வேண்டியதில்லை. இரண்டாவது சந்திப்பில் இதற்காக அவள் கோபப்பட வேண்டும். அந்தச் சண்டை நடந்தால்தான் மூன்றாவது சந்திப்பை நான் நம்புவேன்.

கூழாங்கல்

ஒரு சின்னத் தொழில் விவரம். அவன் 'டேப்பில் சொன்னேன்' என்கிறான். பக்கத்தில் கேள்வி கேட்க ஒருவர் இருந்திருப்பாரே. அவர் ஏன் எழுந்து போகவில்லை என்பதற்கு ஒரு வரி வையுங்கள். விதிப்படி அவருக்கும் அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாது, உறை போனவர் கையில் மட்டும்தான். அதைச் சொல்லிவிட்டால் அந்த அறையிலிருந்த யாராலும் போக முடியவில்லை என்பது வாசகருக்குப் புரியும். அப்புறம் ஒன்று, 1980களின் நடுவில் அந்தப் பிரிவு ராணுவத்திடமிருந்து டி.ஐ.ஏ. என்ற பாதுகாப்புத் துறை உளவு அமைப்பின் கைக்கு மாறியது. அவள் வேலையை விட்டது அதற்கு முன்பா பின்பா என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ராஜினாமாக் கடிதம் யாருக்குப் போனது என்பது அதைப் பொறுத்தது.

பவளமல்லி

உறை விஷயத்தை இரண்டாம் எபியில் வைக்கிறேன் சகோ. அவள் விலகியது மாற்றத்துக்கு முன்பு, கடிதம் ராணுவ அதிகாரிக்கு. நெய்தல், அந்தச் சண்டையை எழுத ஆரம்பித்துவிட்டேன், காலேஜ் பார்க் காப்பகத்தின் வாசலிலேயே நடக்கிறது. முதல் எபி வெள்ளிக்கிழமை.